கூரை சுவரைத் தொடும் இடம்: தீவகத்து வீடுகளில் ஈயத்தகடும் அதன் மாற்றுகளும்

சாய்ந்த கூரை நிமிர்ந்த சுவரில் போய் முட்டும் கோடுதான் ஓட்டு வீட்டின் மிக மெலிந்த இடம். ஒவ்வோர் ஓடும் தன்மேல் விழும் மழையைக் கீழுள்ள ஓட்டின் முதுகில் இறக்கிவிட, நீர் படிப்படியாகப் பீலிக்கு வந்து சேரும். சுவருக்கு அப்படி ஓர் ஒழுங்கு இல்லை. மோதும் மழை அதன் முகத்தோடு வழியும், கொஞ்சம் உள்ளேயும் ஊறும். இந்தச் சுவர்நீரைச் சந்திப்பில் நழுவவிடாமல் ஓட்டின்மேல் ஏற்றிவிட ஏதாவது ஒன்று வேண்டும். இங்கிலாந்திலும் ஐரோப்பாவின் வேறு பல நாடுகளிலும் பல நூற்றாண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருவது ஈயத்தகடு. கட்டடக்காரர் பிளாஷிங் என்று சொல்லும் அந்தத் தகட்டின் மேல்விளிம்பு செங்கல் வரிகளுக்கு இடையிலுள்ள சாந்தில் செருகப்பட்டிருக்கும். கீழ்விளிம்பு ஓட்டின்மேல் படிந்திருக்கும். யாழ்ப்பாணத் தீவகத்தில் அதே இடத்தில் பெரும்பாலும் சீமெந்துச் சாந்துதான் இருக்கிறது. அது ஒழுகுகிறது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அதற்குப் பதிலாக ஈயத்தை வைக்கலாமா என்பதற்குத்தான் ஒரே சொல்லில் விடை கிடைப்பதில்லை.

மழையும் காற்றும் தீவகத்தில் வெவ்வேறு பக்கங்களிலிருந்து கூரையைத் தாக்குகின்றன. யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்கு 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் வரை மழை பெய்யும். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மாதங்களில் வாடையோடும் கொண்டலோடும் வந்து விழுகிறது. புயல் சேர்ந்தால் அளவு தெரியாமற் கொட்டும். 2008 நவம்பரில் வந்த நிஷா புயலின்போது சில நாட்களுக்குள் 500 மில்லிமீற்றருக்கு மேல் பெய்தது. ஆகவே ஒழுக்கு முதலில் தெரிவது வடக்கும் கிழக்கும் பார்த்த சுவர்களில். வைகாசி தொடங்கி வீசும் சோளகம் மழையைக் கொண்டுவருவதில்லை, கடலுப்பைக் கொண்டுவருகிறது. வேலணைத் தீவில் சாட்டி போன்ற கரையோர ஊர்களிலும், நயினாதீவு, நெடுந்தீவு ஆகியவற்றின் காற்றுப்பக்கத்திலும் இரும்பு சார்ந்த எதுவும் விரைவில் துருவேறுவது இதனால்தான். கூரைச் சந்திப்பில் வைக்கும் பொருள் வாடைக்காலத்து நீரை மறிக்க வேண்டும், சோளகக் காலத்து உப்பையும் தாங்க வேண்டும். முதலாவதைச் செய்யும் பொருள்கள் பல. இரண்டாவதையும் சேர்த்துச் செய்பவை சில.

பழைய யாழ்ப்பாண வீடு இந்தச் சிக்கலைத் தீர்த்தது என்பதைவிட, அதற்குள் போகவே இல்லை என்பது சரியாக இருக்கும். பனையோலையால் வேய்ந்த கூரை சுவருக்கு மேலே தொப்பிபோல் நின்று, நாலு பக்கமும் தாழ்வாரமாக வெளியே நீண்டிருக்கும். சுவர் கூரையைத் தாண்டி எழுவதில்லை. எனவே கூரை முட்டுவதற்கு ஒரு சுவரும் இல்லை. நாற்சார் வீட்டில் நான்கு கூரைகள் நடு முற்றத்தை நோக்கிச் சரிகின்றன. அங்கே உள்மூலைகளில் கூரையும் கூரையும் சேருகின்றனவே தவிர, கூரையும் சுவரும் சேருவதில்லை. வீட்டைப் பெருப்பிக்கப் பத்தி என்னும் சாய்ப்பை இறக்கும்போதும், பத்தியின் மேல்விளிம்பைப் பெரிய கூரையின் தாழ்வாரத்துக்கு அடியில் நுழைத்து வைப்பதே வழக்கம். மேற்கூரையின் நீர் பத்திக் கூரையின்மேல் சொட்டும், இடையிலுள்ள சுவர் நனையாது. ஒரு துண்டுத் தகடும் செலவாகாத இந்த ஏற்பாட்டை மிஞ்சும் பிளாஷிங் எந்த நாட்டிலும் இல்லை. இன்றும் புதிதாகப் பத்தி இறக்குபவர்களுக்கு இதுவே முதல் வழியாக இருக்க வேண்டும்.

சுவர் கூரைக்கு மேலே எழத் தொடங்கியபோது சிக்கலும் எழுந்தது. போர்த்துக்கேயர் 1619 இலும் ஒல்லாந்தர் 1658 இலும் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின் கட்டப்பட்ட தேவாலயங்களின் முகப்புச் சுவர், கூரையின் முகட்டையும் தாண்டி அலங்கார வளைவுகளோடு நிமிர்ந்து நிற்கும் பாணியைக் கொண்டுவந்தது. ஊர்காவற்றுறையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பிற்காலத்தில் எழுந்த கத்தோலிக்கத் தேவாலயங்கள் பல இந்தப் பாணியையே பின்பற்றின. வாசலில் நின்று பார்ப்பவருக்கு அழகாகத் தெரியும் அந்த முகப்பின் பின்புறத்தில், இரண்டு கூரைச் சரிவுகளும் சுவரோடு போய் முட்டுகின்றன. தீவகத்தில் பிளாஷிங் இல்லாமற் சரிவராத இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். அடுத்து வருவன குசினிப் புகைக்கூடு, மாடி வீட்டின் பக்கச் சுவரில் சாய்த்த கீழ்மாடி விறாந்தைக் கூரை, கோயில்களில் கற்சுவரோடு ஒட்டிப் போடப்படும் மண்டபக் கொட்டகை. பிரான்சில் கிலார்டோனி சகோதரர்கள் 1841 அளவில் உருவாக்கிய ஒன்றோடொன்று கொளுவும் ஓட்டின் வழியில், 1865 இல் மங்களூரில் பாசல் மிஷன் ஆலை ஓடு செய்யத் தொடங்கியது. அந்த வகை ஓடு இலங்கையிலும் பரவியபோது கூரைகளின் நீளமும் அகலமும் பெருகின. சுவரில் முட்டும் கோடுகளும் கூடின.

மேசன்மார் இந்தக் கோட்டை மூடும் வழி எளியது. ஓடு சுவரைத் தொடும் மூலையில் சீமெந்தும் மணலும் குழைத்து, முக்கோண வடிவில் இழுத்துப் பூசிவிடுவார்கள். பூசிய அன்று அது நன்றாகவே இருக்கும். காயும்போது சாந்து சுருங்கிச் சுவரிலிருந்து மயிரிழை விலகும். அதோடு நின்றாலும் பரவாயில்லை. சுவர் அத்திவாரத்தில் நிற்கிறது, கூரை வளையிலும் கைமரத்திலும் பனஞ்சலாகையிலும் நிற்கிறது; மரம் மாரியில் ஊதிக் கோடையில் வற்றும், பலத்த காற்றில் சற்றே எழும்பி அமரும். தனித்தனியே அசையும் இரண்டு உடல்களை அசையவே தெரியாத ஒன்றால் ஒட்டிவைத்தால் முறிவது அந்த ஒட்டுத்தான். ஒரு மில்லிமீற்றர் வெடிப்புப் போதும்; நீர் அதற்குள் தானாக இறங்குவது மட்டுமல்ல, நுண்துளைக் கவர்ச்சியால் இழுக்கப்பட்டும் போகும். அடுத்த வருடம் அதன்மேல் இன்னொரு பூச்சு வரும். பழைய வீடுகளில் இப்படி மூன்று நான்கு படை சீமெந்து ஏறி, ஓடுகளை அசைக்க முடியாமற் பிடித்து வைத்திருப்பதைக் காணலாம். உடைந்த ஓடு ஒன்றை மாற்றப் போனால் பக்கத்து ஓடுகளும் சேர்ந்து உடையும்.

ஈயத்தின் பெருமை, அது ஒட்டாமல் மூடுவது. தகடு சுவரை மட்டுமே பிடித்திருக்கும். ஓட்டின்மேல் சும்மா கிடக்கும். கூரை அசைந்தால் தகட்டுக்கு அடியில் அசையட்டும், வெடிப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. இதற்கு வேண்டிய மூன்று குணங்களும் இந்த உலோகத்தில் இயல்பாகவே அமைந்திருக்கின்றன. ஒரு கன சென்ரிமீற்றருக்கு 11.34 கிராம் என்ற அதன் அடர்த்தி தகட்டை ஓட்டின்மேல் அழுத்தி வைக்கிறது. மரச்சுத்தியலால் தட்டினாலே ஓட்டின் மேடு பள்ளத்துக்குள் படியுமளவுக்கு அது மென்மையானது. காற்றுப்பட்டதும் மேற்பரப்பில் உருவாகும் காபனேற்றுப் படலம் நீரிலும் உப்பிலும் எளிதிற் கரையாமல் உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. இங்கே பேசப்படுவது காரீயம். பாத்திரங்களுக்குப் பூசும் வெள்ளீயம் வேறு பொருள். தீவகத்து மீனவர் காரீயத்தை நன்றாக அறிவார்கள். 327 பாகை செல்சியசில் உருகிவிடுவதால் அடுப்பிலேயே காய்ச்சி வலைக்குக் குண்டு வார்க்கலாம். கூரையில் ஈயத்தகடு போட்டால் அது களவு போகாமல் அங்கேயே நிலைக்குமா என்ற ஐயமும் அதனாலேயே எழலாம்.

பிரித்தானிய முறையில் ஈயத்தகடு தடிப்புக்கேற்ப எண்ணிடப்படுகிறது. சுவர்ச் சந்திப்புக்கு வழக்கமாக எடுப்பது நாலாம் எண்; தடிப்பு 1.80 மில்லிமீற்றர், ஒரு சதுர மீற்றர் ஏறத்தாழ 20 கிலோகிராம். காற்றும் மழையும் கடுமையான இடங்களுக்கு 2.24 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஐந்தாம் எண். கூரையின் மேல்விளிம்பு சுவரில் முட்டும் இடத்தில் தகடு நேர்கோடாகப் போகும். சுவரில் 150 மில்லிமீற்றர் எழுந்து, ஓட்டின்மேல் குறைந்தது 150 மில்லிமீற்றர் இறங்கி, மேல்விளிம்பு 25 மில்லிமீற்றர் ஆழத்துக்குச் சுவருக்குள் மடிந்திருக்க வேண்டும். கூரையின் பக்கவிளிம்பு சரிவாகச் சுவரோடு ஓடும் இடத்தில் நேர்கோடு உதவாது. செங்கல் வரிகள் கிடையாக இருக்கின்றன, கூரையோ சாய்வாக இறங்குகிறது. எனவே தகட்டின் மேல்விளிம்பைப் படிக்கட்டுப்போல் வெட்டி, ஒவ்வொரு படியையும் அதற்கு நேரான சாந்துக் கோட்டுக்குள் நுழைப்பார்கள். சுருட்டி நசுக்கிய ஈயத் துண்டுகளை ஆப்பாக 450 மில்லிமீற்றருக்கு மிகாத இடைவெளிகளில் அடித்து இறுக்கிய பிறகே சாந்தால் மூடுவது முறை. ஆப்பில்லாமற் சாந்தை மட்டும் நம்பிய தகடு சில ஆண்டுகளில் சுவரிலிருந்து கழன்று தொங்கும்.

ஈயவேலை தெரிந்தவரையும் தெரியாதவரையும் பிரித்துக் காட்டுவது தகட்டின் நீளம். ஒரு துண்டு 1.5 மீற்றருக்கு மேற் போகக் கூடாது என்பது அந்தத் தொழிலின் அடிப்படை விதி. ஒரு பாகை வெப்பம் ஏறினால் ஈயம் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் 29 பங்கு நீள்கிறது. உருக்கைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். விடிகாலையில் 25 பாகையில் இருக்கும் தகடு யாழ்ப்பாணத்து உச்சிவெயிலில் 70 பாகைக்குச் சூடேறுகிறது என்று வைத்தால், 10 மீற்றர் நீளத் தகடு ஒன்று ஒவ்வொரு நாளும் 13 மில்லிமீற்றர் நீண்டு சுருங்க வேண்டியிருக்கும். இரண்டு பக்கமும் பிடிக்கப்பட்டிருந்தால் அது நீள இடமின்றி நெளியும். திரும்பத் திரும்ப நெளிந்த இடத்தில் கீறும். 1.5 மீற்றர்த் துண்டில் அந்த அசைவு 2 மில்லிமீற்றர்தான். அடுத்தடுத்த துண்டுகளை 100 மில்லிமீற்றர் மேற்படிய வைத்து, மேற்படிந்த இடத்தைப் பற்றவைக்காமல் விட்டால் ஒவ்வொன்றும் தன்பாட்டுக்கு அசையும். பற்றவைத்து ஒரே நீளமாக்குவது உறுதி என்று நினைப்பது இயல்பு. ஈயத்தில் அதுவே பழுதுக்கு வழி. காற்றுக்கு வெளிப்பட்ட கரைகளில் கீழ்விளிம்பைச் செம்பு அல்லது துருவேறா உருக்குப் பட்டிகளால் ஆங்காங்கே பிடித்துவைப்பதும் அவசியம். இல்லாவிடில் புயலில் தகடு எழும்பி மடியும்.

இந்த முறை முழுவதும் செங்கற்சுவரை மனதில் வைத்து வளர்ந்தது. தீவகத்தில் செங்கல் உள்ளூர்ப் பொருள் அல்ல. பழைய சுவர்கள் முருகைக்கல்லாலும் சுண்ணாம்புக்கல்லாலும் எழுந்தவை. நெடுந்தீவில் வேலிகூட முருகைக்கல்தான், அதுவும் சாந்தே இல்லாமல் அடுக்கியது. கடலில் முருகைக்கல் அகழ்வதைக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் 1988 ஆம் ஆண்டுத் திருத்தம் தடுத்த பின், புதிய சுவர்கள் பெரும்பாலும் சீமெந்துக் கல்லால் கட்டப்படுகின்றன. சீமெந்துக் கல்லுக்குச் சீரான வரி உண்டு. படிப்படியாக வெட்டிய தகட்டை அதில் நுழைக்கலாம், படிகள் மட்டும் பெரிதாக இருக்கும். முருகைக்கல்லில் வரி என்று ஒன்று கிடையாது. அங்கே கூரைச் சரிவுக்கு இணையாகச் சுவரில் ஒரு நேர்த்தவாளிப்பு வெட்டித்தான் தகட்டைச் செருக வேண்டும். கல்லோ துளைகள் நிறைந்தது, மென்மையானது, உப்பூறியது. கிறைண்டரால் வெட்டினால் விளிம்பு உதிரும், ஆப்பை அடித்தால் கல் பெயரும். உளியால் அகலமாக வெட்டி, சுண்ணாம்புச் சாந்தால் நிரப்பி, அது இறுகும்போது தகட்டைப் பதிப்பதே இங்கே பாதுகாப்பான வழி. கடுஞ்சீமெந்து அந்த மென்கல்லோடு ஒத்துப்போகாது. ஈரமான புதுச் சீமெந்தின் காரம் ஈயத்தையும் அரிக்கக்கூடியது. தவிர்க்க முடியாவிட்டால் உள்ளே போகும் விளிம்புக்குத் தார் பூசிவிட வேண்டும்.

தடித்த முருகைக்கற் சுவரில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிளாஷிங் போட்டும் ஒழுகுகிறது என்ற முறைப்பாட்டுக்குப் பெரும்பாலும் அதுவே காரணம். தகடு சுவரின் முகத்தில் வழியும் நீரை மட்டுமே பிடிக்கிறது. அதற்கு மேலுள்ள சுவர் உறிஞ்சிய நீர், கல்லுக்குள்ளாலேயே தகட்டின் பின்னால் இறங்கி உள்ளறையில் ஈரமாகக் கசியும். இரட்டைச் சுவர் கட்டும் நாடுகளில் சுவரின் நடுவிலேயே ஒரு தகட்டைப் பதித்து இந்நீரை வெளியே எடுப்பார்கள். ஒற்றைக் கற்சுவரில் அதற்கு இடமில்லை. சுவரின் தலையை நீர் இறங்காதபடி மூடுவதும், முகத்துக்குச் சுண்ணாம்புப் பூச்சிட்டு ஊறிய ஈரம் காற்றில் உலர விடுவதும்தான் செய்யக்கூடியவை. சீமெந்துப் பூச்சு அந்த ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கும். 1990 களின் போர்க்கால இடப்பெயர்வுக்குப் பின் கூரையின்றி நின்ற தீவக வீடுகளில் மழை இறங்கியது சுவர்த்தலை வழியேதான். அவற்றுக்கு மறுபடி கூரை போடுபவர்கள் பிளாஷிங்கைப் பற்றி யோசிக்குமுன் சுவர்த்தலையைப் பார்ப்பது நல்லது.

இதுவரை சொன்னவற்றை வைத்துப் பார்த்தால் ஈயத்துக்குச் சாதகமாகவே தீர்ப்பு வரும். நாகம் பூசிய இரும்புத் தகடு கடற்காற்றில் வெகுநாள் நிற்பதில்லை. அலுமினியம் உப்பைத் தாங்கினாலும் சுண்ணாம்பு, சீமெந்து ஆகியவற்றின் காரத்தில் அரிபடும். ஈயம் இரண்டையும் ஓரளவு தாங்கும். உப்பு ஈரத்தில் அலுமினியத்தோடு அதை நேரடியாகத் தொடவிடக் கூடாது, விட்டால் அலுமினியம் அழியும் என்பதே முக்கியமான கட்டுப்பாடு. நாகமும் அலுமினியமும் கலந்து பூசிய இன்றைய கூரைத் தகரங்களுக்கும் அந்தக் கட்டுப்பாடு பொருந்தும்.

தீர்ப்பை மாற்றுவது குடிநீர். தீவகத்தின் நிலம் தாழ்ந்தது, அடியில் சுண்ணாம்புப் பாறை. மழைநீர் உள்ளிறங்கி உவர்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதப்பதைத்தான் கிணறுகள் எடுக்கின்றன. சாட்டியின் மணற்பாங்கான நிலம் அந்த வகையில் பேறுபெற்றது. சுற்றியுள்ள ஊர்கள் சாட்டிக் கிணறுகளின் நன்னீரை நம்பி வாழ்ந்ததுண்டு. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் அந்த வாய்ப்புக் குறைவு. அங்கே கூரைநீரைத் தாங்கியில் பிடிப்பது சிக்கனத்துக்காகச் செய்யும் காரியம் அல்ல, தேவை. 50 சதுர மீற்றர் கூரையில் விழும் மழையில் ஐந்தில் நாலு பங்கைப் பிடித்தாலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 48,000 லீற்றர் கிடைக்கும். போருக்குப் பின் இந்திய வீடமைப்புத் திட்டம் கட்டிக்கொடுத்த 550 சதுர அடி வீடு ஏறக்குறைய அந்த அளவினதே.

மழைநீர் மென்னீர், சற்றே அமிலத்தன்மையும் உடையது. அத்தகைய நீர் ஈயத்தை மெல்லக் கரைக்கும். புதுத் தகட்டிலிருந்து ஓட்டின்மேல் வழியும் வெண்கறையே அதற்குக் கண்ணால் காணும் சான்று. குடிநீரில் ஈயம் ஒரு லீற்றருக்கு 10 மைக்குரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. அதற்குக் கீழே தீங்கே இல்லை என்று அந்த நிறுவனமும் சொல்லவில்லை. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பொறுத்தமட்டில் பாதுகாப்பான அளவு என ஒன்று அறியப்படவில்லை. 5,000 லீற்றர் தாங்கி ஒன்று அந்த வரம்பைத் தொட 50 மில்லிகிராம் ஈயம் போதும், ஏறத்தாழ ஒரு மிளகின் எடை. 1.5 மீற்றர் நீளமும் 30 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட ஒரே ஒரு நாலாம் எண் துண்டிலோ 9 கிலோகிராம் ஈயம் இருக்கிறது. மழைநீர்த் தாங்கிகள் பெருகிய அவுஸ்திரேலியாவில், குடிநீர் பிடிக்கும் கூரைக்கு ஈய பிளாஷிங் வேண்டாம் என்று சுகாதார வழிகாட்டிகள் சொல்வது இதனால்தான். கறை வராமலிருக்கப் பூசும் எண்ணெய் வெண்கறையைக் குறைக்கும். குடிநீருக்கு அதைக் காப்பாகக் கொள்ள முடியாது.

தாங்கி இல்லாத வீட்டில் நிலைமை அவ்வளவு கடுமையானதல்ல. சுண்ணாம்பு கலந்த மணலில் விழும் ஈயம் பெரும்பாலும் கரையாத காபனேற்றாக மாறி மேல்மண்ணிலேயே தங்கிவிடும், கிணறு வரை எளிதிற் போகாது. ஆனால் அந்த மேல்மண்ணில்தான் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், கோழிகள் கிளறுகின்றன. தேவாலயம், பண்டகசாலை போன்ற, நீர் பிடிக்காத கட்டடங்களுக்கு ஈயத்தை அனுமதிக்கலாம் என்ற வாதம் வலுவானது. அதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதைப் பாரிஸ் நோத்ர-தாம் பேராலயம் காட்டியது. 2019 ஏப்ரல் 15 இல் அது எரிந்தபோது கூரையிலும் கோபுரத்திலும் இருந்த 400 தொன்னுக்கு மேற்பட்ட ஈயத்தின் ஒரு பகுதி தூசாகச் சுற்றுப்புறத்தில் படிந்தது. அயலிலுள்ள பாடசாலைகளைத் துப்புரவாக்க வேண்டியிருந்தது.

ஆகவே தீவகத்து வீட்டுக்கு ஏற்றது, ஈயவேலையின் முறையை எடுத்துக்கொண்டு உலோகத்தை மாற்றுவது. சுவரை மட்டும் பிடி, ஓட்டில் ஒட்டாதே, சிறு துண்டுகளாக மேற்படிய வை என்ற அதே விதிகளை வேறு தகட்டிலும் பின்பற்றலாம். கடலோரத்துக்கு ஏற்ற வகைத் துருவேறா உருக்கு விலை கூடியது, ஓட்டின் வளைவுக்குத் தட்டிப் படியவைக்கவும் முடியாது. ஆனால் நீருக்குத் தீங்கில்லை, காலத்துக்கும் நிற்கும். பூச்சிட்ட அலுமினியம் மலிவானது. சுவருக்குள் போகும் விளிம்புக்குத் தார் பூசி, ஓட்டின் பள்ளங்களை நிரப்ப அடியில் இறப்பர் நுரைப் பட்டி வைத்தால் பெரும்பாலான வீடுகளுக்கு அதுவே போதும். கூரை தகரமானால் அதே தகரத்தில் மடித்த பிளாஷிங் கிடைக்கிறது. வேறு உலோகத்தைக் கலக்காமலிருப்பதே அங்கே கவனிக்க வேண்டியது. செம்பைக் கூரையில் பயன்படுத்தினால் அதன்மேல் ஓடிய நீர் கீழேயுள்ள தகரத்தையும் பீலியையும் தின்னும். அலுமினியத்தாள் ஒட்டிய தார்ப்பட்டி வேலைக்கு இலகு, வெயிலில் சில ஆண்டுகளே தாக்குப்பிடிக்கும். அவசரத்துக்கு ஒட்டலாம், நிரந்தரம் என்று எண்ணக் கூடாது. எதுவுமே வாங்க இயலாதவர்கள், சுவர் கட்டும்போதே கூரைக் கோட்டுக்கு மேல் ஒரு வரிக் கல்லை இரண்டு அங்குலம் வெளியே நீட்டி, அதன் அடியில் நீர் சொட்டும் தவாளிப்பு விட்டு, ஓட்டை அதற்குக் கீழே நுழைத்துவிடலாம். முன்கூட்டி நினைத்தால் கூலியும் அதிகமாகாது. கட்டி முடிந்த சுவரில் செய்ய முடியாது.

பழைய தேவாலயங்களிலோ பிரித்தானியர் காலத்துக் கட்டடங்களிலோ ஈயத்தகடு ஏற்கெனவே இருந்தால், நல்ல நிலையில் உள்ளதைப் பிடுங்க வேண்டியதில்லை. கூரைநீர் குடிநீர்த் தாங்கிக்குப் போகிறதா என்று பார்த்து, போனால் அந்தச் சரிவின் பீலியைத் தாங்கியிலிருந்து பிரித்துவிட வேண்டும். கழற்றத்தான் வேண்டுமென்றால் உலர்ந்த நிலையில் தேய்க்கவோ தீயால் சூடாக்கவோ கூடாது. நனைத்து, கையுறையோடு கழற்றி, கை கழுவிய பின்பே சாப்பிட வேண்டும். கழற்றிய தகட்டை வீட்டு அடுப்பில் உருக்கி வலைக்குண்டு வார்ப்பதையும் தடுக்க வேண்டும். அந்தப் புகையும் சாம்பலும் படிவது சமைக்கும் இடத்திலேயே.